சரியான விடையைத் தவறென்ற பாட்

பல சர்வர்களாக இயங்கும் சமூக வலைத்தளமான மாஸ்டடானில் நாளுக்கொரு படம் போட்டு "இது எந்த ஊர்?" என்று கேட்கும் பாட் (தானியங்கி நிரல்) ஒன்றை இரண்டு மாதம் திருத்தித் திருத்தி இப்போதுதான் ஒருவழியாக ஓட விட்டிருக்கிறேன். கணக்கு, டோக்கன், பைதான் ஸ்கிரிப்ட், அதைக் குறித்த நேரத்தில் தானாக ஓட வைக்கும் கிரானில் ஏற்றுவது எல்லாம் ஒரே மாலையில் முடிந்தன. மீதி நாள்களைத் தின்றது விடைதான்.

முதல் படம் தஞ்சைப் பெரிய கோயில். "தஞ்சாவூர்" என்று எழுதிய அத்தனை பேருக்கும், விடை 8,000 கிலோமீட்டருக்கும் அப்பால் இருப்பதாகப் பாட் பதில் சொன்னது. ஊர்களின் இருப்பிடத்தை வைத்திருக்கும் ஜியோஜேசன் கோப்பில் தீர்க்கரேகைதான் முதலில் வரும் என்பதை மறந்து, நான் வழக்கம்போல் அட்சரேகையை முதலில் எடுத்திருந்தேன். 10.78, 79.13 என்ற எண்கள் இடம் மாறியதில் கோயில் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தை ஒட்டிய ஆர்க்டிக் கடலுக்குப் போய்விட்டது. ராஜராஜனின் கப்பற்படைகூட அவ்வளவு தூரம் போனதில்லை.

இதற்கிடையில் சர்வர் நிர்வாகிகள் கணக்கை முடக்கினார்கள். சோதனைப் பதிவுகளை ஐந்து நிமிடத்துக்கு ஒன்றாகப் பொதுவில் போட்டதும், சுயவிவரத்தில் "பாட்" என்ற கட்டத்தை டிக் செய்யாததும் என் தவறுகளே. ஆனால் விளக்கம் கேட்டு எழுதிய மின்னஞ்சலுக்கு ஒன்பது நாள் கழித்து "விதிகளைப் படியுங்கள்" என்ற ஒற்றை வரி வந்ததை இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. வேறு சர்வருக்கு மாறினேன். நீங்களும் பாட் எழுதினால், சோதனைப் பதிவுகளைப் பின்தொடர்பவர்களுக்கு மட்டும் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் பொருந்தினாலே சரியென்று ஏற்கும்படி மாற்றிய பிறகு, ஒருவர் "கொடைக்கானல்" என்று நான்கு முறை எழுதியும் பாட் நான்கு முறையும் மறுத்தது. "தமிழ்நாட்டில் எத்தனை கொடைக்கானல் ஐயா இருக்கிறது?" என்று கேட்டுவிட்டார். பதில்கள் எச்டிஎம்எல் குறிகளோடு வருவதால் அவற்றைச் சரியாக நீக்கவில்லையோ என்று ஒரு மாலை முழுவதும் அங்கேயே தேடினேன். கடைசியில் இரண்டு சொற்களின் நீளத்தையும் அச்சிட்டுப் பார்த்தபோது என் பட்டியலில் 11 யூனிகோடு குறியீடுகள், அவர் அனுப்பியதில் 12. அவருடைய விசைப்பலகை "கொ"வின் கொம்பையும் காலையும் தனித்தனியாக அனுப்பியிருக்கிறது. திரையில் எந்த வேறுபாடும் தெரியாது. இரண்டு பக்கத்தையும் பிரிந்த குறிகளை ஒன்றாகச் சேர்க்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிட்டால் தீர்ந்தது. உதகை, ஊட்டி, உதகமண்டலம் போன்ற மாற்றுப் பெயர்களைக் கையால்தான் சேர்க்க வேண்டியிருந்தது.

அடுத்து, விடையைப் பாட்டே சொல்லிக்கொடுத்தது. படங்களை எடுக்கும் விக்கிமீடியா காமன்ஸ் தளத்தின் படக் குறிப்பை அப்படியே மாற்று உரையாக (படத்தைப் பார்க்க முடியாதவர்களுக்கான விவரிப்பு) ஏற்றியிருந்தேன். படத்தின் மேல் சுட்டியை வைத்தாலே ஊர்ப்பெயர் தெரிந்தது. படம் எடுத்தவரைக் குறிப்பிடாமலும் இருக்க முடியாது, உரிமத்தின் நிபந்தனை அது. எனவே படம் எடுத்தவரைக் காட்டும் காமன்ஸ் பக்கத்தின் இணைப்பை, தட்டினால்தான் திறக்கும் எச்சரிக்கைத் திரைக்குப் பின்னால் தனிப் பதிலாக வைத்துவிட்டு, மாற்று உரையை நானே எழுதத் தொடங்கினேன்.

நேற்றைய படத்துக்கு "கோயிலருகே பரந்து விரிந்த குளம், நடுவே தீவுபோல் ஒரு சிறு கோயில்" என்று எழுதியிருந்தேன். திரைவாசிப்பானில் அதைக் கேட்டு விளையாடும் ஒருவர் முதலில் மன்னார்குடி என்றார். "25 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டீர்கள்" என்றது பாட். அடுத்த நிமிடமே அவரிடமிருந்து வந்தது: "அப்போ கமலாலயம். திருவாரூர்."