விடிஆர்எல்லுக்கு இரத்தம் எடுத்தாச்சு, ரிப்போட் பார்த்தாச்சா?

கர்ப்பவதி கார்டில் விடிஆர்எல் என்ற இடத்தைப் பாருங்கள். இரத்தம் எடுத்த திகதி மட்டும் இருந்து முடிவு எழுதாமல் கிடந்தால் சோதனை இன்னும் முடியவில்லை. மூதூரோ, கிண்ணியாவோ, குச்சவெளியோ, அடுத்த கிளினிக்கில் மிட்வைஃபிடம் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

விடிஆர்எல் என்பது சிபிலிஸ் என்ற பாலியல் நோய்க்கான சோதனை. தொடக்கத்தில் வரும் புண் நோகாது, தானாகவே ஆறிவிடும். அதனால் தாய்க்கு ஒன்றும் தெரியாது. ஆனால் கிருமி பிள்ளைக்குப் போய்விடும். கரு கலையலாம், பிள்ளை வயிற்றிலேயே இறக்கலாம், குறைமாதத்தில் பிறக்கலாம். தாயிலிருந்து பிள்ளைக்குத் தொற்றுவதை இலங்கை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் 2019இல் சான்றளித்தது உண்மை. ஆறாம் மாதத்தில் வந்து பதிகிறவருக்கு அந்தச் சான்றிதழால் பயனில்லை. மூன்று மாதத்துக்குள் இரத்தம் கொடுங்கள்.

ரியாக்டிவ் (தொற்று இருக்கலாம்) என்று வந்தவுடன் வீட்டில் சண்டை வேண்டாம். கர்ப்பமும் லூபஸ் போன்ற நோய்களும்கூடச் சிலவேளை அப்படிக் காட்டும். டிபிபிஏ என்ற இன்னொரு இரத்தச் சோதனைதான் உறுதிசெய்யும். அதற்குப் பாலியல் நோய் கிளினிக்குக்குக் கடிதம் தருவார்கள்.

கர்ப்பவதிக்கு மருந்து ஒன்றே ஒன்றுதான்: பென்சதீன் பெனிசிலின், 24 இலட்சம் அலகு. பால்போல வெள்ளையான தடித்த மருந்து, இரண்டு பிட்டத்திலும் பாதி பாதியாகப் போடுவார்கள். நோகத்தான் செய்யும். புதிய தொற்றென்றால் ஒருமுறை போதும். பழையது, அல்லது எப்போது வந்ததென்றே தெரியாதது என்றால் வாரம் ஒன்றாக மூன்று. பிசகுவது இங்கேதான். முதல் ஊசியின் நோவுக்குப் பயந்தோ, பஸ் இல்லையென்றோ இரண்டாவதைத் தள்ளிப்போடுவார்கள். இடையில் 9 நாளுக்கு மேல் போனால் மூன்றையும் முதலிலிருந்து போடவேண்டும். ஊசி போட்ட அன்றிரவு காய்ச்சல், நடுக்கம் வரலாம், பரசிட்டமோல் குடிக்கலாம். வயிறு இறுகினாலோ பிள்ளையின் அசைவு குறைந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவர் முன்கூட்டியே சொல்லவேண்டும். எரித்ரோமைசின் குளிசை பிள்ளைக்குப் போதியளவு போய்ச் சேராது. ஆகவே வாட்டில் வைத்து, சிறிது சிறிதாகக் கொடுத்துப் பழக்கி, பெனிசிலினையே போடுவார்கள்.

கணவருக்கும் சோதனை, சிகிச்சை இரண்டும் வேண்டும். கட்டாரில் இருந்து லீவில் வருகிறவர் இரத்தம் கொடுக்காமல் சேர்ந்தால், குணமான மனைவிக்குத் திரும்பவும் தொற்றலாம்.

சிகிச்சை தொடங்கி 30 நாள் ஆகுமுன் பிரசவமானால் பிள்ளைக்கும் பெனிசிலின் தேவைப்படும், பெரும்பாலும் 10 நாள். பிள்ளையின் விடிஆர்எல் ரியாக்டிவ் என்றாலே நோய் என்றில்லை, பிள்ளையின் இரத்தத்துக்கு வந்த தாயின் எதிர்ப்பொருளும் அப்படிக் காட்டும். தாயின் அளவைவிட நான்கு மடங்கு கூடியிருக்கிறதா என்றுதான் டொக்டர் பார்ப்பார். தொற்றாத பிள்ளைக்கு அந்த எதிர்ப்பொருள் ஆறு மாதமளவில் இல்லாமல் போய்விடும்; அதுவரை கிளினிக் திகதிகளைத் தவறவிடக்கூடாது.