கவாசாகி தைஷி: ஆலைகளுக்கு நடுவே ஓர் அக்னி சந்நிதி

ஜப்பானில் கோயில் பார்க்கப் போகிறவர்கள் கியோட்டோ, நாரா, கோயாசான் என்று போய்விடுகிறார்கள். டோக்கியோவுக்கும் யோகோஹாமாவுக்கும் இடையில், கடலோரமெங்கும் எஃகு ஆலையும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையுமாக நிற்கும் கவாசாகியில் இறங்க யாருக்கும் தோன்றுவதில்லை. ஆனால் புத்தாண்டின் முதல் மூன்று நாளில் சுமார் 30 லட்சம் பேர் கும்பிட வருகிற கோயில் இந்த ஊரில்தான் இருக்கிறது. பெயர் ஹெய்கென்ஜி. ஊரார் வாயில் கவாசாகி தைஷி.

கெய்க்யூ கவாசாகி ஸ்டேஷனில் தைஷி லைன் ரயில் ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன். பக்தர்களை நம்பி 1899-ல் தொடங்கிய மின்சார ரயில் இது. ஒரு ஸ்டேஷன் முன்னால் சுசுகிச்சோ. அங்கே ஸ்டேஷனை ஒட்டியே அஜினமோட்டோ ஆலை, 1914 முதல். சாமி கும்பிடப் போட்ட தண்டவாளத்தில் பிறகு ஷிப்டுக்குப் போகிறவர்களும் ஏறிக்கொண்டார்கள்.

தலவரலாறு கடலில் தொடங்குகிறது. ஊரைவிட்டு விரட்டப்பட்ட ஹிராமா கானெனோரி என்ற சாமுராய் இங்கே மீன் பிடித்துப் பிழைத்தார். கண்டம் என்று ஜப்பானியர் அஞ்சும் 42-ஆம் வயதில் அவர் கனவில் ஒரு துறவி வந்து, கடலில் ஒளி தெரியும் இடத்தில் வலை வீசு என்றாராம். வலையில் ஏறி வந்தது, ஜப்பானில் ஷிங்கோன் என்ற பௌத்தப் பிரிவைத் தொடங்கிய துறவி கோபோ தைஷியின் மரச்சிலை. அதை வைத்து 1128-ல் எழுந்த கோயில் இது. 1945 குண்டுவீச்சில் எரிந்துபோனது. இப்போதுள்ள பெரிய மண்டபம் 1964-ல் கட்டியது.

வாசல் தெருவில் இரண்டு பேர் எதிரெதிரே நின்று மிட்டாய்ப் பாளத்தைக் கத்தியால் தாளம் தவறாமல் நறுக்குகிறார்கள். அந்தச் சத்தம் முன்வாயில்வரை கூடவே வருகிறது. உள்ளே பெரிய தூபக் கலசம். புகையைக் கையால் அள்ளித் தலையிலும் தோளிலும் தடவிக்கொண்டேன்.

ஹோம வேளை வந்ததும் மண்டபம் நிறைந்துவிட்டது. குருமார்கள் வரிசையாக வந்து அமர, பெரிய முரசு அதிர்ந்தது. குண்டத்தில் அடுக்கிய குச்சிகளில் தீ பற்றி, ஆள் உயரத்துக்கு எழுந்தது. எனக்கு முன் வரிசையில் ஆலைச் சீருடையில் நான்கு பேர். ஒருவர் தொப்பியை மடித்து முழங்கால்மேல் வைத்துக்கொண்டு, கண்மூடி மந்திரத்துக்கு உதடு அசைத்தார். வேலையிடத்தில் விபத்து வரக்கூடாது என்பதும் இங்கே முக்கியமான வேண்டுதல். தீங்கு விலக்கும் தைஷி என்றே இவரைக் கும்பிடுகிறார்கள்.

அந்தத் தீயின் முன் நான் அந்நியனாக உணரவே இல்லை. அதற்குக் காரணமும் உண்டு. இவர்களுடைய ஷிங்கோன் மரபின் குருமார் எட்டுப் பேரில் ஒருவர் வஜ்ரபோதி. சீனக் குறிப்புகள் அவரைத் தென்னிந்தியர் என்கின்றன. பல்லவர் காலக் காஞ்சியோடு தொடர்புடையவர். இலங்கை வழியாகக் கடல் கடந்து 720 வாக்கில் சீனா சேர்ந்தார். அவர் சீடர் அமோகவஜ்ரர், அவர் சீடர் ஹுய்குவோ. ஹுய்குவோவிடம் தீட்சை பெற்று 806-ல் ஜப்பான் திரும்பியவர்தான் கூகாய் என்கிற கோபோ தைஷி. காஞ்சியை நினைத்துக்கொண்டே கைகூப்பினேன்.

சிலை கிடைத்த கடற்கரை இன்று இல்லை. 1913-லிருந்து தொழிலதிபர் அசானோ சோய்ச்சிரோ கடலைத் தூர்த்து ஆலைகளுக்கு நிலம் உண்டாக்கினார். நாட்டை வளர்த்த புகை ஊர்க்காரர் நெஞ்சில் ஆஸ்துமாவாக இறங்கியது. 1982-ல் நோயாளிகள் வழக்குப் போட்டார்கள். ஆலை நிறுவனங்கள் 1996-லும் அரசுத் தரப்பு 1999-லும் சமரசத்துக்கு வந்தன. இத்தனை வருடம் விடாமல் நின்றவர்களையும் இந்த ஊரின் அடியார்களாகவே நான் நினைக்கிறேன். தீங்கு விலக வேண்டும் என்றுதானே அவர்களும் நின்றார்கள்.

போக நினைப்பவர்கள் மாதத்தின் 21-ஆம் தேதி போங்கள். அது தைஷியின் திருநாள், தெரு முழுக்கக் கடை இருக்கும். கோதுமை மாவுச்சத்தைப் புளிக்கவைத்துச் செய்யும் குசுமோச்சியை வெல்லப்பாகும் வறுத்த சோயா மாவும் போட்டுச் சாப்பிடுங்கள். பிறகு உடனே திரும்பிவிடாமல், அதே ரயிலில் கடைசி ஸ்டேஷனான கொஜிமாஷிந்தென்வரை போய், சரக்கு ரயில் யார்டுக்கு மேலே போகும் பாலத்தில் ஏறிப் பாருங்கள். கானெனோரியின் கடல் இருந்த திசை அது.