"வலி எப்போது வருகிறது?" என்று கேட்ட செவிலியர்

என் மகள் பிறந்த மூன்றாம் நாள், அவள் பசித்துச் சிணுங்கத் தொடங்கினாலே எனக்குக் கால்விரல்கள் மடங்கிக்கொள்ளும். அவள் வாய் வைத்ததும் வலது முலைக்காம்பில் கண்ணாடிச் சில்லால் கீறுவது போன்ற வலி எழுந்து, குடித்து முடிக்கும்வரை விடாது. அம்மாவிடம் சொன்னபோது, "தலப்பிள்ளைக்கு அப்படித்தான் இருக்கும், பல்லைக் கடிச்சுக்கிட்டுக் குடு, தானா பழகிரும்" என்றார். அதில் பாதி உண்மை. முதல் சில நாட்களில் குழந்தை பற்றி இழுக்கும் தொடக்க நொடிகளில் சுருக்கென்ற வலி பல தாய்மாருக்கு உண்டு. அது அரை நிமிடத்தில் அடங்கிவிடும், ஓரிரு வாரங்களில் இல்லாமலும் போகும். ஆனால் குடித்து முடிக்கும்வரை நீடிக்கிற வலியும், காம்பு வெடித்து ரத்தம் கசிகிற வலியும் பழகிக்கொள்ள வேண்டியவை அல்ல.

மறுநாள் காலை வந்த செவிலியர் களிம்பு எதுவும் தரவில்லை. "வலி எப்போ வருது? வாய் வைக்கும்போதா, குடிக்கிற நேரம் முழுக்கவா, குடிச்சு முடிச்ச பிறகா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, குழந்தை வாயை எடுத்த அந்த நொடியிலேயே காம்பைப் பார்க்கச் சொன்னார். உருண்டையாக இருந்திருக்க வேண்டிய காம்பு, புதிய லிப்ஸ்டிக்கின் முனையைப் போல ஒருபக்கம் சாய்வாக நசுங்கி, நுனியில் வெளிறிய கோடு விழுந்திருந்தது. குழந்தை காம்பை மட்டும் கவ்வியிருக்கிறாள் என்பதற்கு அதுவே சாட்சி. அப்படிக் கவ்வும்போது காம்பு நாக்குக்கும் மேலண்ணத்தின் கெட்டியான பகுதிக்கும் நடுவே சிக்கி நசுங்குகிறது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதியும் சேர்ந்து வாய்க்குள் போனால், காம்பு அண்ணத்தின் மென்மையான பின்பகுதியை நெருங்கிவிடுவதால் அந்த நசுக்கல் இல்லை, பாலும் தாராளமாக வரும்.

அவர் சொல்லித் தந்தது எளிமையானதுதான். குழந்தையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டியிருக்க, அவள் மூக்குக்கு நேராகக் காம்பு வரும்படி பிடித்து, மேலுதட்டை மெல்லத் தொட்டு, கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும்வரை காத்திருந்து, பிறகு குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். நான் அதுவரை குனிந்து குனிந்து மார்பைக் குழந்தையின் வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தேன். சரியாகப் பிடித்தால் மோவாய் மார்பில் பதிந்திருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், கருவட்டம் கீழே இருப்பதைவிட மேலே அதிகம் தெரியும். வலித்தால் வெடுக்கென்று இழுக்காமல், சுத்தமான சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்துப் பிடியைத் தளர்த்திவிட்டு மறுபடி முயல வேண்டும். இவ்வளவு செய்தும் பிடி சரியாகவில்லை என்றால், குழந்தையின் நாக்குக்கு அடியிலுள்ள சவ்வு குட்டையாக இருக்கிறதா என்று மருத்துவரைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

அடுத்து வந்தது பால் கட்டிக்கொண்ட வலி. நான்காம் நாள் இரு மார்பும் கல்லாக இறுகி, தோல் பளபளத்து, கையைத் தூக்க முடியவில்லை. பால் மட்டுமன்றி, கூடுதலாகப் பாயும் ரத்தமும் திசுக்களில் தேங்கும் நீரும் சேர்ந்தே இந்த வீக்கத்தை உண்டாக்குகின்றன. கருவட்டம் இறுகிக் காம்பு தட்டையாகிவிடுவதால் குழந்தையால் பற்ற முடியாமல் போகிறது. அத்தை மல்லிகைப்பூவை வைத்துக் கட்டச் சொன்னார். எங்கள் பக்கத்தில் அது பாலை வற்றவைக்கச் செய்கிற வைத்தியம். பால் சுரப்பை நிறுத்தத் தரப்பட்டுவந்த புரோமோகிரிப்டின் மாத்திரையோடு அதை ஒப்பிட்டு 1988இல் ஆய்வுக்கட்டுரையே வெளியாகியிருக்கிறது. கொடுக்க நினைக்கிற பாலை வற்றவைப்பானேன் என்று அத்தையிடம் பக்குவமாகச் சொல்லிவிட்டு, பூவைத் தலையில் வைத்துக்கொண்டேன். காம்பைச் சுற்றி விரல்நுனிகளால் ஒரு நிமிடம் உள்நோக்கி அழுத்தினால் வீக்கம் பின்வாங்கிக் கருவட்டம் இளகும். கையால் சிறிது பாலைப் பீய்ச்சிவிட்டு ஊட்டி, பிறகு குளிர்ந்த துணியை ஒற்றினால் போதும்.

நான்காவது வாரத்தில் இடது மார்பின் வெளிப்பக்கம் ஆப்பு வடிவில் சிவந்து, தொட்டால் சுட்டது. மாலைக்குள் குளிர் ஜுரம், உடம்பெல்லாம் அடித்துப்போட்ட வலி. இது மார்பக அழற்சி. பால் கெட்டுவிட்டது, அந்தப் பக்கம் கொடுக்காதே என்று வீட்டில் சொன்னார்கள். உண்மையில் கொடுப்பதை நிறுத்தினால்தான் நிலைமை மோசமாகும், குழந்தைக்கு அந்தப் பாலால் தீங்கில்லை. கட்டியைக் கரைப்பதாக எண்ணி எண்ணெய் தடவி அழுத்தித் தேய்த்தேன், மறுநாள் வீக்கம் இரட்டிப்பானது. இப்படி அழுந்தத் தேய்ப்பதும், காலியாகட்டும் என்று ஓயாமல் பம்ப் செய்வதும் வீக்கத்தைக் கூட்டும் என்றுதான் தாய்ப்பால் மருத்துவர்களின் 2022ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் சொல்கிறது. வழக்கம்போல் ஊட்டுதல், ஓய்வு, குளிர் ஒத்தடம், மருத்துவர் சொல்லும் வலி மாத்திரை ஆகியவை போதுமானவை. ஒரு நாளில் காய்ச்சல் இறங்காவிட்டால் ஆன்டிபயாடிக் தேவைப்படலாம். கவனிக்காமல் விட்டால் சீழ் கட்டிவிடும்.

குடித்து முடித்த பிறகு வருகிற வலி வேறு வகை. காம்பு இளஞ்சிவப்பாக மினுமினுத்து எரிவதும், குழந்தையின் நாக்கிலும் கன்னத்தின் உட்புறத்திலும் துடைத்தால் போகாத வெண்படலம் தென்படுவதும் பூஞ்சைத் தொற்றின் அறிகுறிகள். தாய்க்கும் சேய்க்கும் ஒன்றாகவே மருந்து போட வேண்டும். குழந்தை வாயை எடுத்ததும் காம்பு வெளுத்து, பின் நீலம் பாரித்து, சிவந்து விண்விண்ணென்று தெறித்தால் அது குளிரில் ரத்தக் குழாய் சுருங்குவதால் வருவது. இரவு ஏசியில் ஊட்டுகிறவர்கள் ஊட்டி முடித்த கையோடு உலர்ந்த, வெதுவெதுப்பான துணியால் மூடிப் பார்க்கலாம்.

எனக்கு அழற்சி வந்த இடத்தில் கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டி தங்கிவிட்டது. பால்கட்டுதான் என்று நானே தீர்மானித்துக்கொண்டு பத்து நாட்களைக் கடத்தினேன், அது என் தவறு. பால் கொடுக்கும் காலத்திலும் அல்ட்ராசவுண்ட் எடுக்கலாம். அதற்காகப் பாலை நிறுத்த வேண்டியதில்லை. ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்து அந்தப் பக்கமே மகளுக்கு ஊட்டிவிட்டுத்தான் உள்ளே போனேன்.