பேராசிரியரிடம் இத்தாலிய மொழியில் நேரம் கேட்டபோது

இத்தாலியின் பதோவா பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வேட்டுக்கு வழிகாட்டி தேடிய பருவத்தில், ஒரு பேராசிரியையைச் சந்திக்க நேரம் கேட்டு இத்தாலிய மொழியில் மின்னஞ்சல் எழுத வேண்டியிருந்தது. அங்கே பேராசிரியர்கள் மாணவர்களைச் சந்திப்பதற்கென்று ஒதுக்கும் நேரத்துக்கு 'ரிச்செவிமென்தோ' என்று பெயர். அவர் ஒதுக்கியிருந்த நேரத்தில் எனக்கு வகுப்பு இருந்ததால், வேறு நேரம் கேட்பதைத் தவிர வழியில்லை.

உடன் படிக்கும் தோழியிடம் 'சேய் லீபெரா தொமானி?', அதாவது 'நாளைக்கு உனக்கு நேரம் இருக்கிறதா?' என்று கேட்டுவிடலாம். பேராசிரியையிடம் அப்படிக் கேட்க முடியாது. மரியாதைக்கு நாம் பன்மையை நாடுகிறோம். இத்தாலியர்களோ 'நீ' எனப் பொருள்படும் 'தூ' என்பதை விட்டு, நேர்ப்பொருளில் 'அவள்' ஆகும் 'லேய்' என்று, எதிரில் இருப்பவர் ஆணானாலும் பெண்ணானாலும், படர்க்கை ஒருமையில் வினையை அமைக்கிறார்கள். அத்துடன் 'எ திஸ்போனிபிலே', அதாவது 'நேரம் இருக்கிறதா' என்று நேராகக் கேட்காமல், 'சரெப்பே திஸ்போனிபிலே', அதாவது 'நேரம் இருக்குமா' என்பதுபோல வினையை நிபந்தனை வடிவத்துக்கு மாற்றினால், மறுப்பதற்கும் இடம் விட்டுக் கேட்பதாக அது ஒலிக்கும். 'லீபெரோ', 'லீபெரா' என்று பால் பார்த்து மாறும் சொல்லைப் போலன்றி, 'திஸ்போனிபிலே' இருபாலுக்கும் ஒன்றே என்பது புதிதாக எழுதுபவருக்குப் பெரிய ஆறுதல்.

ஆனால் இலக்கணம் சரியாக இருந்தால் மட்டும் போதாது என்றே நான் கருதுகிறேன். 'உங்களுக்கு எப்போது நேரம் இருக்கும்?' என்று பொதுவாகக் கேட்டால், நாட்குறிப்பைப் புரட்டி நாள் தேடும் சுமை முழுவதும் அவர்மீது விழுகிறது. ஆகவே 'ஜென்தீலே ப்ரொஃபெஸ்ஸொரெஸ்ஸா', அதாவது 'மதிப்பிற்குரிய பேராசிரியை' என்று தொடங்கி, நான் யார், எந்தப் பாடப்பிரிவு, எதைப் பற்றிப் பேச வேண்டும் என்பவற்றை இரண்டு வரிகளில் சொல்லிவிட்டு, கிழமையையும் தேதியையும் சேர்த்து இரண்டு நேரங்களை நானே குறிப்பிட்டு, இரண்டும் பொருந்தாவிட்டால் அவருக்கு வசதியான வேறு நேரத்தில் வருவதாக எழுதினேன். 'அடுத்த வியாழன்' என்பது எந்த வியாழன் என்ற குழப்பம் அந்த மொழியிலும் உண்டு என்பதால் தேதி அவசியம், மணியை 15.30 என 24 மணிநேர முறையில் எழுதுவதே வழக்கம்.

வியாழனன்று 16 மணி வரை தமக்கு வகுப்பு இருப்பதாகவும் அதன்பின் வரலாம் என்றும் பதில் வந்தது. 'பெர் மே வா பெனிஸ்ஸிமோ', எனக்கு மிகவும் வசதி, என்று உறுதிசெய்து நன்றி எழுதினேன். அடுத்த சந்திப்புகளுக்கும் இதே முறையைப் பின்பற்றினேன். ஆகஸ்ட் 15 ஃபெர்ரகோஸ்தோ விடுமுறையை ஒட்டிப் பலரும் ஊரில் இருக்கமாட்டார்கள் என்பதால், கோடைக்கால வேலைகளுக்கான நேரத்தை மட்டும் ஜூலைத் தொடக்கத்திலேயே கேட்டு வாங்கிக்கொண்டேன்.