ரீடிங் நாட்குறிப்பு: குண்டுக்கு எந்தக் கணக்குத் தலைப்பு?

26 மார்ச் 2024, செவ்வாய்

இங்கிலாந்தின் ரீடிங் நகரில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து மழை விடவில்லை. இங்கிருந்து காரில் அரை மணி நேரம் போனால் ஆல்டர்மாஸ்டன். பிரிட்டன் தன் அணுகுண்டுகளை உருவாக்கும் இடம். பக்கத்து ஊர்ச் சங்கதியாயிற்றே என்று நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் அள்ளி வந்தேன். "ஓய்வு பெற்ற பிறகும் கோப்புதானா மாமா?" என்று மாப்பிள்ளை சிரிக்கிறார்.

கோப்புதான், அதுவும் தணிக்கைக்காரனின் கை அரிக்கும் கோப்பு. பிரிட்டன் சொந்தமாக அணுகுண்டு செய்வது பற்றி 1946 அக்டோபரில் நடந்த அமைச்சர் கூட்டத்தில் நிதியமைச்சர் டால்டனும் வர்த்தக அமைச்சர் கிரிப்ஸும் (1942-ல் நம்மிடம் தூது வந்தாரே, அவரேதான்) இவ்வளவு பணத்துக்கு எங்கே போவது என்று தடுக்கிறார்கள். வெளியுறவு அமைச்சர் பெவின் மதிய உணவு முடித்துத் தாமதமாக வந்து சேர்கிறார். அமெரிக்க அமைச்சர் பேர்ன்ஸ் தன்னிடம் பேசிய தோரணையில் இனி எந்தப் பிரிட்டிஷ் அமைச்சரிடமும் எவரும் பேசக் கூடாது, குண்டின் மேல் பிரிட்டிஷ் கொடியான யூனியன் ஜாக் இருந்தே தீர வேண்டும் என்கிறார். ஆட்சேபம் அதோடு அடங்கிவிடுகிறது.

1947 ஜனவரியில் பிரதமர் அட்லி தன்னையும் சேர்த்து ஆறு பேரோடு உட்கார்ந்து குண்டு செய்ய முடிவெடுத்தார். பணத்தைப் பற்றிக் கேட்ட இருவருக்கும் அழைப்பில்லை.

27 மார்ச், புதன்

நாடாளுமன்றத்துக்குச் செய்தி போய்ச் சேர்ந்தது 1948 மே 12-ல். ஓர் உறுப்பினர் கேட்ட கேள்விக்கு, அணு ஆயுதம் உட்பட எல்லா நவீன ஆயுதங்களும் உருவாகின்றன என்று பாதுகாப்பு அமைச்சர் போகிற போக்கில் சொன்னார். மேலும் விவரம் கேட்டதற்கு, பொது நலன் கருதி முடியாது என்றார். 1951-ல் மீண்டும் பிரதமரான சர்ச்சில், அவைக்குத் தெரியாமல் சுமார் 10 கோடி பவுண்டு செலவாகியிருப்பதைக் கண்டு வியந்தார். அதட்டவில்லை, வியந்தார்! மறு ஆண்டு அக்டோபர் 3-ல் ஆஸ்திரேலியாவின் மான்டே பெல்லோ தீவருகே குண்டு வெடித்தது.

குண்டு வேண்டாம் என்று 1945-லேயே குறிப்பு எழுதியவர் இயற்பியலாளர் பிளாக்கெட். ராணுவ விஷயத்தில் இவர் பாமரர் என்று அட்லி ஒதுக்கிவிட்டார். அந்தப் பாமரர் முதல் உலகப்போரில் ஜட்லண்ட் கடற்போரில் பங்கேற்ற கடற்படை அதிகாரி.

29 மார்ச், பெரிய வெள்ளி

1958-ல் இதே பெரிய வெள்ளியன்று டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து ஆல்டர்மாஸ்டனுக்கு நடந்தார்கள்; நான்கு நாள், 52 மைல், குளிரும் மழையும். அந்த நடைக்காக ஜெரால்ட் ஹோல்டம் வரைந்த சின்னம் என் பேத்தியின் பள்ளிப் பையில் இருக்கிறது. சமாதானச் சின்னம் என்றாள். கொடிகளைக் கையில் பிடித்துக் காட்டும் செமஃபோர் எழுத்துகள் அவை என்று எழுந்து நின்று செய்து காட்டினேன்: இரு கைகளையும் சாய்வாகத் தாழ்த்தினால் 'என்', ஒன்று மேலே ஒன்று கீழே என்றால் 'டி'. அணு ஆயுதக் குறைப்பு என்பதன் ஆங்கில முதலெழுத்துகள். சாரணர் படையில் கற்றது ஐம்பது ஆண்டு கழித்து உதவியிருக்கிறது.

31 மார்ச், ஞாயிறு

இன்று முழுவதும் அனைரின் பெவன். பெவின் வேறு, பெவன் வேறு. எனக்கே இரண்டு நாள் குழம்பியது. பதின்மூன்று வயதில் பள்ளியை விட்டுச் சுரங்கத்துக்குப் போனவர். இலவச மருத்துவ சேவையை நிறுவியவர். ராணுவச் செலவுக்காகப் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் வைத்தார்கள் என்று 1951-ல் பதவியைத் தூக்கியெறிந்தவர். 1947-ல் அமைச்சராக இருந்தும் அந்த ஆறு பேரில் இல்லாதவர்.

1957 அக்டோபரில் பிரைட்டனில் இவர்களுடைய தொழிற்கட்சியின் மாநாடு. பிரிட்டன் ஒருதலையாக, அதாவது மற்ற நாடுகளுக்குக் காத்திராமல், ஹைட்ரஜன் குண்டைக் கைவிட வேண்டும் என்று தீர்மானம் வருகிறது. இடதுசாரிகள் தங்கள் தலைவர் என்று நம்பியிருந்த பெவன் மேடையேறி அதை எதிர்க்கிறார். இதை நிறைவேற்றினால் நாட்டின் வெளியுறவு அமைச்சரைப் பேச்சுவார்த்தை அறைக்குள் அம்மணமாக அனுப்புகிறீர்கள் என்கிறார். இது ராஜதந்திரம் அல்ல, உணர்ச்சி வலிப்பு என்கிறார். கூடவே இருந்தவர்கள் கொதித்துப்போனார்கள்.

அவர் விலைபோய்விட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் பெவின் சொன்னதையும் இதையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தேன். ஒருவருக்கு அமெரிக்கனின் தோரணை உறுத்தியது; இன்னொருவருக்குச் சபையில் வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்ற அச்சம். மாஸ்கோவைப் பற்றிய பயத்தைவிட மானம்தான் பெரிதாகத் தெரிகிறது. மானத்துக்கு எந்த ரசீதை இணைப்பது?

1 ஏப்ரல், திங்கள்

1960-ல் தொழிற்கட்சியின் ஸ்கார்பரோ மாநாடு, கட்சித் தலைவர் கெய்ட்ஸ்கெல்லை மீறி, ஒருதலைக் கைவிடலை நிறைவேற்றியது. போராடுவேன், போராடுவேன் என்றார் அவர். மறு ஆண்டே அந்த முடிவை மாற்றிவிட்டார். அணு ஆயுதத்தை எதிர்த்துப் போராடியதற்காக 89 வயது தத்துவ அறிஞர் பெர்ட்ரண்ட் ரஸல் 1961 செப்டம்பரில் ஒரு வாரம் சிறையில் இருந்தார். தலை வலிக்கிறது; சீக்கிரம் படுத்துவிட்டேன்.

3 ஏப்ரல், புதன்

நான் தேடிய ஆள் கிடைத்துவிட்டார்: நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழு! மாஸ்கோவின் ஏவுகணைத் தடுப்பை ஊடுருவ பிரிட்டனின் போலாரிஸ் அணு ஏவுகணையின் முனையை மாற்றும் திட்டம், பெயர் ஷெவலைன். பிரதமர்கள் ஹீத், வில்சன், காலஹன் என்று இரு கட்சி அரசுகளும் மூடி வைத்திருந்தன. 1980 ஜனவரியில் பாதுகாப்பு அமைச்சர் பிம் அவையில் வெளியிட்டார்: 100 கோடி பவுண்டு. அவைக்குச் சொல்லாமல் இவ்வளவு செலவிட்டதை 1982-ல் அந்தக் குழு கண்டித்தது. இரவு ஒரு காபி கூடுதலாகக் குடித்தேன்.

6 ஏப்ரல், சனி

மழை விட்டதால் மகள் கிரீன்ஹாம் காமனுக்கு அழைத்துப்போனாள். 1983-ல் அமெரிக்காவின் அணு ஆயுதக் குரூஸ் ஏவுகணைகள் வந்திறங்கிய விமானதளம். இன்று பொது மேய்ச்சல் நிலம். ஏவுகணைக் கிடங்குகள் மட்டும் புல் மூடிய மேடுகளாக வேலிக்குள் நிற்கின்றன, வெளியே மாடுகள். அந்த ஏவுகணைகள் வரக் கூடாதென்று 1982 டிசம்பர் 12-ல் 30,000 பெண்கள் கைகோத்துத் தளத்தைச் சுற்றி நின்றார்கள். அன்றைய வேலி ஒன்பது மைல்.

புளியோதரைப் பொட்டலத்தின் பின்பக்கத்தில் வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு அரை மீட்டருக்கும் குறைவு. தாராளமாகக் கை எட்டும். இந்தக் கோப்பில் முதல்முறையாக ஒரு கணக்கு நேராக வருகிறது என்று மகளிடம் சொன்னேன். பொட்டலத்தைக் கொடுங்கள் அப்பா, பசிக்கிறது என்றாள்.