வீடு பார்க்க மழை நாளில் போங்கள்

வெயிலில் எல்லா வீடும் அழகுதான். ஒழுகும் கூரையும் நீர் தேங்கும் வாசலும் மழையில்தான் வாய் திறக்கும்.

ஒரு வீட்டை இரண்டு முறை பார்த்து மயங்கியிருந்தேன். மூன்றாம் முறை உடன் வந்த கொத்தனார், ஒரு சுவருக்கு மட்டும் ஏன் புது வண்ணம் என்று கேட்டார். அலமாரியை நகர்த்திப் பார்த்தால், சுவரடியில் உப்புப் பூத்திருந்தது. சுவருக்குள் ஏறும் ஈரம் வெளியே வந்து உலரும்போது உப்பை விட்டுச் செல்கிறது. ஈரத்தை நிறுத்தாமல் எத்தனை முறை வண்ணம் அடித்தாலும் உரிந்துகொண்டேதான் இருக்கும்.

விரிசல்களில் மயிரிழை போன்றவை பெரும்பாலும் பூச்சோடு சரி. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடி, ஒரு முனையில் அகன்றிருந்தால் அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். பொறியாளரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். பத்திரத்தை உங்கள் வழக்கறிஞர் பார்க்கட்டும். விற்பவர் கைகாட்டும் ஆள் வேண்டாம்.

விற்பவர்களே, சொட்டும் குழாயை முதலில் மாற்றுங்கள். சின்னச் செலவுதான். அதைப் பார்த்துவிட்டால், கண்ணுக்குத் தெரியாத இடமெல்லாம் எப்படி இருக்குமோ என்று வந்தவர் கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். பெரிய குறை இருந்தால் சொல்லிவிட்டு விலையைக் குறையுங்கள். வழக்கைவிட அது மலிவு.

அந்த வீட்டை நான் வாங்கவில்லை. அலமாரியை மட்டும் இன்னும் நினைத்துக்கொள்கிறேன், நல்ல தேக்கு.