தட்டு அதேதான், உள்ளே இருப்பது வேறு: அம்மாவின் எடையை மீட்ட அனுபவம்

ஆறு மாதத்தில் அம்மாவின் எடை 48 கிலோவிலிருந்து 44-க்கு இறங்கியிருந்தது. காய்ச்சல், வலி என்று எதுவும் இல்லை. பல்செட் மட்டும் அடிக்கடி கழன்று வந்தது. அதைச் சரிசெய்யப் போன இடத்தில்தான் பல் மருத்துவர், "எடை குறைஞ்சுதா?" என்று கேட்டார். "எழுபத்து நாலு வயசுல இப்படித்தான் இருக்கும்" என்று அம்மாவே பதிலும் சொல்லிவிட்டார்.

குடும்ப மருத்துவர் அந்தப் பதிலை ஏற்கவில்லை. முயற்சி எதுவும் செய்யாமலே ஆறு மாதத்தில் 5 சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால், வயதைக் காரணம் காட்டி விட்டுவிடக் கூடாது என்றார். அம்மாவுக்கு அது 8 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. முதியவர்களுக்கென்றே ஒரு சிறிய படிவம் இருக்கிறது. சாப்பாடு குறைந்ததா, எடை குறைந்ததா, வெளியே நடமாட முடிகிறதா, சமீபத்தில் நோயோ பெரிய மனக்கஷ்டமோ வந்ததா, மறதி அல்லது மனச்சோர்வு உண்டா, உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பிஎம்ஐ எவ்வளவு என்று ஆறே விஷயங்கள். மொத்தம் 14 மதிப்பெண். 12-ம் அதற்கு மேலும் நல்ல நிலை, 8 முதல் 11 வரை அபாய நிலை, 7-ம் அதற்குக் கீழும் சத்துக்குறைவு. அம்மா வாங்கியது 8.

ரத்தப் பரிசோதனையில் பெரிதாக எதுவும் இல்லை. மருந்துப் பட்டியலில் குமட்டலைத் தரும் மாத்திரை ஒன்று இருந்தது, அதை மாற்றினார். முதியவர்கள் வீட்டில் பசி குறைந்தால் மருந்துச் சீட்டை முதலில் எடுத்துப் பார்ப்பது நல்லது. ஆனால் மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது.

அடுத்து உணவியலாளர். சில நாள் சாப்பிட்டதையெல்லாம் எழுதி வரச் சொன்னார். முதியவர்களுக்குத் தோராயமாக ஒரு கிலோ எடைக்கு 30 கலோரியும் குறைந்தது 1 கிராம் புரதமும் வேண்டும். சத்துக்குறைவோ நோயோ இருந்தால் புரதம் 1.2 முதல் 1.5 கிராம் வரை போகும். அம்மாவின் கணக்கில் அது சுமார் 1,320 கலோரி, 53 முதல் 66 கிராம் புரதம். நாங்கள் எழுதிக் கொண்டுபோனதைக் கூட்டிப் பார்த்தால், புரதம் பாதிகூட வரவில்லை.

"இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க என்று சொல்வதை நிறுத்துங்கள்" என்பதுதான் அவர் எனக்குச் சொன்ன முதல் யோசனை. அம்மாவின் வயிறு சீக்கிரம் நிறைந்துவிடுகிறது, அதனால் அளவைக் கூட்டச் சொல்லி மல்லுக்கட்டிப் பயனில்லை. அதே அளவுக்குள் சத்தை ஏற்ற வேண்டும். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி இருக்கிறது. சூப்பிலோ மசித்த காயிலோ கலந்துவிட்டால் தட்டில் ஒரு வாய்கூடக் கூடுவதில்லை. ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். ஒரு தம்ளர் பாலில் இரண்டு மேசைக்கரண்டி கொழுப்பு நீக்கிய பால்பவுடரைக் கரைத்தால் கூடுதலாக 5 கிராம் கிடைக்கிறது. பவுடரை முதலில் கொஞ்சம் ஆறிய பாலில் குழைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டிவிடும். அதற்கு மேல் போட்டால் அம்மாவுக்கு வாடை தெரிந்துவிடும், அப்புறம் தம்ளர் அப்படியே திரும்பி வரும்.

பெரிய ஓட்டை காலைச் சாப்பாட்டில் இருந்தது. நாள் முழுக்கச் சாப்பிடும் கொஞ்சப் புரதமும் மதியம் ஒரே வேளையில் போய்க்கொண்டிருந்தது. வயதான தசை புரதத்துக்கு மந்தமாகத்தான் பதில் தரும். அதனால் ஒவ்வொரு வேளையிலும் ஓரளவு நல்ல அளவு இருக்க வேண்டுமாம். காலையில் முட்டை வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் தேநீர் குடிப்பது போனது. படுக்கும் முன் சத்தேற்றிய பால் சேர்ந்தது. 'கொழுப்பு கூடாது, உப்பு கூடாது' என்று பல வருடங்களாக இருந்த பத்தியத்தையும் மருத்துவரிடம் கேட்டுத் தளர்த்தினோம். இதைப் பார்த்து உறவினர் ஒருவர் பதறிப்போனார். நடுத்தர வயதுக்காரருக்குச் சொல்லும் அறிவுரையை, எடை இழந்துகொண்டிருக்கும் முதியவருக்கும் அப்படியே சொல்வது எனக்கு இப்போது எரிச்சலாகத்தான் இருக்கிறது. அதே சமயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. விழுங்கும்போது புரையேறினால் அதையும் முதலில் காட்டிவிட வேண்டும்.

உடற்பயிற்சி என்றதும், "இருக்கற எடையும் போயிடும்டா" என்றார் அம்மா. அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது. சாப்பாடு போதாமல் பயிற்சி மட்டும் செய்தால் எடை இன்னும் இறங்கத்தான் செய்யும். தசைக்கு வேலையே தராமல் வெறும் கலோரியைக் கூட்டினால் ஏறுவதில் பெரும்பகுதி கொழுப்பாகிவிடும். அதனால்தான் இரண்டையும் சேர்த்தே தொடங்கச் சொன்னார்கள்.

இயன்முறை மருத்துவர் கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னார். 15 நொடிக்கு மேல் ஆனால் கால் வலு குறைவு என்று அர்த்தம். அம்மாவுக்கு 19 ஆனது. அந்தச் சோதனையே பயிற்சியாகவும் ஆனது: முதலில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல். கூடவே மேசையைப் பிடித்தபடி குதிகாலை உயர்த்துவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, எலாஸ்டிக் பட்டையை இழுப்பது. வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், இடையே ஓய்வு. சுலபமாகிவிட்டால் உடனே கொஞ்சம் கடினமாக்க வேண்டும் என்பதில் அவர் கறாராக இருந்தார். பயிற்சி முடிந்த கையோடு பால்.

தராசு ரொம்ப நாள் அசையவே இல்லை. முதலில் மாறியது கால்தான். நாற்காலியின் கையைத் தொடாமல் எழுந்துவிட்டு, அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம்தான் எடை மெல்ல ஏறி இப்போது 46-ல் நிற்கிறது. நாற்காலிச் சோதனை 14 நொடிக்கு வந்துவிட்டது. ஆரம்பத்தில் எழுதிக்கொடுத்த டப்பா ஊட்டச்சத்து பானத்தை நிறுத்திவிட்டார்கள். சத்தேற்றிய பால், காலை முட்டை, பயிற்சி மூன்றும் தொடர்கின்றன. மாதம் ஒரு முறை, ஒரே தராசில், காலைச் சாப்பாட்டுக்கு முன் எடை பார்த்து எழுதி வைக்கிறோம். இரண்டு கிலோ குறைந்தால் காத்திருக்காமல் உடனே வரச் சொல்லியிருக்கிறார்கள்.